உப்பு அள்ளியவரைத் திருடன் என்று எழுதினேன்

எமர்ஜென்சி அமலில் இருந்த சமயம். பழவேற்காடு ஏரிப் பக்கம் ஒரு தாலுகா ஆபீஸில் நான் கிளார்க். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை.

சுதந்திரப் போராட்டத் தியாகிகளுக்குப் பென்ஷன் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். மனுக்கள் வந்துகொண்டே இருக்கும், அதில் போலிகளும் உண்டு. நாடு விடுதலை ஆனபோது ஏழு வயசுகூட நிரம்பாத ஒருவர், வெள்ளைக்காரனிடம் தடியடி பட்டதாக எழுதியிருந்தார். அதைக் கண்டுபிடித்து தாசில்தாரிடம் சபாஷ் வாங்கியவன் நான். அதற்கப்புறம் எந்த மனு கைக்கு வந்தாலும், இதில் பொய் எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் தேடுவேன்.

அப்படி வந்த மனுதான் அது. லைட்ஹவுஸ் குப்பத்து மீனவர் ஒருவர், அறுபது வயசைத் தாண்டியவர். நாற்பது தொண்டர்களோடு கொடி பிடித்து ஊர்வலமாகப் போய், உப்பு எடுத்து, கைதாகி, மூன்று மாதம் ஜெயிலில் இருந்தாராம். மனு நல்ல அடுக்குமொழியில் இருந்தது, கீழே கைநாட்டு. எனக்கு அப்போதே மூக்கில் வேர்த்துவிட்டது.

விசாரிக்க நானே போனேன். பழவேற்காட்டில் படகு பிடித்து அக்கரையில் இறங்கி மணலில் நடந்தேன். என்னைப் பார்த்ததும் மீன் காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து குடிசைக்குள் போனார்கள். ஒரு வீட்டில் கதவையே சாத்தினார்கள். பெரியவரைப் பற்றி யாரைக் கேட்டாலும், "தெரியாது சார்" என்பதற்கு மேல் பேச்சில்லை. ஊரே சேர்ந்து எதையோ மறைக்கிறது என்று முடிவு கட்டினேன். பேண்ட் சட்டை போட்டு, ஃபைலும் கையுமாக வருகிற ஆளை, அந்த நாளில் போலீஸ் என்றோ கருத்தடை ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்க வந்தவன் என்றோ அவர்கள் நினைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பெரியவர் வாசலில் உட்கார்ந்து வலைக்கு ஈயக்குண்டு கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மகள், நாற்பது வயசுக்குள் இருக்கும்.

"உங்களோட கைதானவங்க யார் யார்?" என்று கேட்டேன்.

"யாரும் இல்ல. நான் ஒருத்தன்தான்" என்றார் அவர்.

"ஊர்வலத்துல என்ன கோஷம் போட்டீங்க?"

"இன்னா ஊர்வலம்?"

மகள் குறுக்கே வந்தாள். "அவருக்குக் காது மந்தம் சார். என்னாண்ட கேளுங்க."

"உன்னை யாரும்மா கேட்டது?" என்று அடக்கிவிட்டேன். அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

ஆபீசுக்கு வந்ததும் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு கடிதம் போட்டேன். இந்த ஆள் பேரில் ஏதாவது பதிவு இருக்கிறதா என்று. நாலே நாளில் பதில் வந்தது. போலீஸ் கண் வைத்திருக்கிற கேடி லிஸ்டில் இருக்கிறார், குற்றம் திருட்டு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. 'மனுதாரர் திருட்டு வழக்கில் தண்டனை அடைந்தவர். போராட்டத்தில் கலந்துகொண்டதற்கு ஆதாரம் இல்லை. நிராகரிக்கலாம்' என்று எழுதி மேலே அனுப்பினேன்.

பத்து நாள் போயிருக்கும். மத்தியானம் அந்த மகள் என் மேஜை முன்னால் வந்து நின்றாள். படகில் வந்த ஈரம் புடவையில் இன்னும் காயவில்லை.

"நீதான எழுதினே? எங்க நைனாவை இட்டுக்கினு பூட்டாங்க."

என் கடிதம்தான் காரணம். ஸ்டேஷன் மறந்தே போயிருந்த ஒரு பெயரை நான் தட்டி எழுப்பிவிட்டேன். தாலுகா ஆபீஸே விசாரிக்கிறது என்றால் ஏதோ இருக்கிறது என்று பிடித்துப் போயிருக்கிறார்கள். எமர்ஜென்சியில் யாரும் காரணம் கேட்க முடியாது. அப்போதும் எனக்குச் சந்தேகம்தான். அழுது காரியம் சாதிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"பென்ஷனுக்கு ஆசைப்பட்டு பொய் எழுதலாமா?" என்றேன்.

"யாருக்கு வேணும் உன் பென்ஷன்? தியாகின்னு ஒரு காயிதம் கீதுன்னா போலீஸ் தொடாதுன்னு மனு எழுதுறவன் சொன்னான். கைநாட்டு வெச்சோம். அவன் இன்னா எழுதினான்னு எங்களுக்கு இன்னா தெரியும்?"

பிறகு அவளே சொன்னாள். வெள்ளைக்காரன் காலத்தில், கோடையில் ஏரி ஓரம் தானாகப் பூக்கிற உப்பை ஒரு கூடை வாரிக்கொண்டு வந்திருக்கிறார் அவள் அப்பா. பிடித்த மீன் அழுகிவிடக்கூடாதே என்றுதான். உப்பு இலாகா சேவகர்கள் பிடித்துக் கொடுத்து மூன்று மாதம் உள்ளே இருந்தார். அதிலிருந்து எங்கே வலை காணாமல் போனாலும், படகு காணாமல் போனாலும், முதலில் இவர் வீட்டுக்குத்தான் வருவார்களாம்.

"வெள்ளக்காரன் போய் எம்மாம் வருசம் ஆவுது? இப்ப ஊரே உப்பு அள்ளுது, ஒருத்தனும் கேக்கல. எங்க நைனா பேரு மட்டும் அங்க அப்பிடியே கீது."

சத்தியமாகச் சொல்கிறேன், அவள் சொன்னதை நம்பி நான் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. அவள் பொய்யைப் பிடிக்கத்தான் போனேன். ஸ்டேஷன் ரைட்டர் எனக்குப் பழக்கம். பழைய ரிஜிஸ்டர்களை எடுத்துப் போட்டார். புதியதில் 'திருட்டு' என்று இருந்தது. அதற்கு முந்தியதில் 'உப்புத் திருட்டு'. எல்லாவற்றுக்கும் பழையது, செல்லரித்துப் போன இங்கிலீஷ் ரிஜிஸ்டர். அதில் திருட்டு என்கிற வார்த்தையே இல்லை. உப்புச் சட்டத்தின் கீழ் மூன்று மாதம், அவ்வளவுதான்.

"காப்பி எடுக்கும்போது கை வலிச்சிருக்கும். சுருக்கிட்டாங்க" என்று ரைட்டர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் எழுதிய குறிப்பும் அதே வரிசையில் இன்னொரு காப்பிதானே. உள்ளே சுவரோரம் பெரியவர் குந்தியிருந்தார். என்னைப் பார்த்தார். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தாசில்தாரிடம் சொன்னேன். "இந்த நேரத்துல போலீஸ் விவகாரத்துல கை வைக்காதப்பா. உன் மேலயே சந்தேகம் வரும்" என்றார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் ஒன்றுமே செய்யாமல் இருந்தேன். இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. மூன்றாம் நாள், என் குறிப்பு தவறானது என்று என் கையாலேயே எழுதி, பழைய ரிஜிஸ்டரில் இருந்ததைச் சேர்த்து அனுப்பினேன். மெமோ வந்தது. வாங்கிக்கொண்டேன். பெரியவரைப் பத்தொன்பதாம் நாள் விட்டார்கள்.

லிஸ்டிலிருந்து பெயரை எடுப்பது லேசில் நடக்கவில்லை. எமர்ஜென்சி முடிந்து, ஆட்சி மாறி, எத்தனையோ தடவை எழுதிப் போட்ட பிறகுதான் உத்தரவு வந்தது. நடுவில் ஒருமுறை, நடந்ததை நடந்தபடி சொல்லி தியாகி மனுவையும் புதிதாகப் போடலாமா என்று மகளிடம் கேட்டேன். "வாணாம் சார். மறுபடி எதுல மாட்டிவிடப் பாக்குறீங்க?" என்றாள்.

உத்தரவை நானே குப்பத்துக்கு எடுத்துப் போனேன். படித்துக் காட்ட வாய் திறந்தேன். அவள் என் கையிலிருந்து தாளை வாங்கிக்கொண்டாள். "இங்கயே குந்துங்க" என்று சொல்லிவிட்டுப் படகேறி பழவேற்காட்டுக்குப் போனாள். அங்கே ஜவுளிக்கடை பாயிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறாள். பிறகு பள்ளிக்கூடத்து டீச்சரிடமும். இரண்டு பேரும் ஒரே மாதிரி படித்த பிறகுதான் திரும்பி வந்தாள்.

அவள் வரும்வரை பெரியவர் வலைக்கு ஈயக்குண்டு கட்டிக்கொண்டிருந்தார். வந்ததும் அவர் காதருகில் குனிந்து சத்தமாகச் சொன்னாள்.

"நைனா, பேர எட்த்துட்டாங்களாம்."

 அவர் முதல் தடவையாகத் தானாகவே என்னிடம் கேட்டார்.

"இனிமே படகுல காக்கி சட்டை தெரிஞ்சா நான் எழுந்து போவ வாணாமா?"

"வேண்டாங்கய்யா."

"நாளைக்கு உன்ன மாதிரி வேற ஒருத்தன் வந்து மறுபடியும் எழுதிட மாட்டானே?"

 மகள் எனக்கு ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்தாள். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

ரிட்டயர் ஆகி வருஷங்கள் ஓடிவிட்டன. அவர் கடைசிவரை என்னை நம்பவில்லை. வெள்ளைக்காரன் எழுதிய ஒரு வரியை, அவன் போன பிறகும் அழிக்காமல், அதைவிட மோசமாக்கி எழுதிக்கொண்டே வந்த எங்களை அவர் எதற்காக நம்ப வேண்டும் என்று நினைக்கும்போதெல்லாம், அந்தச் சந்தேகம் நியாயமானதுதான் என்றே எனக்குப் படுகிறது.