வெள்ளித்தாளில் தெரிந்த கைலி

டிஜிட்டல் கேமரா வந்த புதிது. விஸ்வநத்தத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் ஸ்டுடியோ. பட்டாசு ஆலைக்குள் விளக்கு, பிளாஷ் எதையும் கொண்டுபோக முடியாது. அதனால் லேபிள் படத்துக்கு முதலாளிமார் டம்மி கொடுத்துவிடுவார்கள். வெடிமருந்துக்குப் பதில் உள்ளே மணல் இருக்கும். அதை மேசையில் வைத்து, பின்னால் சார்ட் பேப்பரை வளைத்து ஒட்டி, ஐந்நூறு வாட்ஸ் ஹாலஜன் விளக்கைப் போட்டு எடுப்பேன்.

ஒரு நாள் காலையில் ஆலை முதலாளி அண்ணாச்சி ஒருவரிடமிருந்து புஸ்வாணம் வந்தது. உடம்பெல்லாம் வெள்ளித்தாள். "மூணு மணிக்கு லேபிள் பிரஸ்ஸுக்குப் போவணும் தம்பி. படம் சரியில்லன்னா மதுரைக்காரங்ககிட்டக் குடுத்துருவேன், வருத்தப்படக் கூடாது" என்று போனில் சொன்னார். அவர் போனால் அந்த சீசனே எனக்குப் போச்சு.

வெள்ளித்தாளைப் போல நன்றிகெட்ட சாமான் கிடையாது. முதல் படத்தில் என் கட்டம்போட்ட கைலி தெரிந்தது. கருப்பு சார்ட்டில் லென்ஸுக்கு மட்டும் ஓட்டை போட்டு, அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். அடுத்த படத்தில் டிவி ஸ்டாண்டு. பெட்ஷீட் போட்டு மூடினேன். பிறகு ஹாலஜனே வெள்ளைத் திட்டாக விழுந்தது. குறுக்கே பட்டர் பேப்பர் கட்டினால் வெளிச்சம் போதவில்லை. விளக்கைக் கிட்டே தள்ளினேன்.

இதற்கு நடுவில் கறை வேறு. துடைத்தால் சாம்பல் நிறத்தில் இன்னொரு கறை. மறுபடி துடைத்தால் இரண்டு. மட்டமான தாளை ஒட்டியிருக்கிறான் கஞ்சன் என்று அண்ணாச்சியைத் திட்டிக்கொண்டே விளக்கை ஒரு முழத்துக்குள் கொண்டுவந்துவிட்டேன்.

என் மனைவி செல்வி காபியோடு வந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் நாரணாபுரத்துப் பட்டாசு ஆலையில் ஐந்து வருடம் மருந்து அடைத்தவள். டம்ளரை வாங்க நீட்டிய என் கைகளைப் பார்த்தாள். பத்து விரலும் மினுமினுத்தன.

"என்னங்க இது கையில?"

"தாள்ல உள்ள சாயம்."

"சாயமா? அலுமினியப் பவுடருங்க! அஞ்சு வருசம் இந்தக் கையோடதான கெடந்தேன், எனக்குத் தெரியாதா? மருந்துச் சாமானைப் போயி விளக்குக்கு முன்னால வச்சிருக்கீகளே, கூறுகெட்ட மனுசா! உள்ள தொட்டில்ல புள்ள கெடக்கு!"

விளக்கை அணைத்தாள். புஸ்வாணத்தை அலுங்காமல் எடுத்துப்போய்ப் பின்வாசல் நிழலில் துவைக்கிற கல்மேல் வைத்தாள்.

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "ஆமா தம்பி, டம்மி தீந்துபோச்சு. உள்ளுக்க இருக்கது படத்துல தெரியவா போவுது?" என்றார். நான் பதிலுக்குச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

மணி இரண்டு. துவைக்கிற கல்லைப் பார்த்தேன். கைலி இல்லை, டிவி இல்லை, திட்டு இல்லை. எதிரே இருந்த வெள்ளைச் சுவரின் வெளிச்சம் மட்டும் தாள் முழுக்கச் சீராக விழுந்திருந்தது. செல்வி திட்டிக்கொண்டே பழைய துணியால் கறையை ஒற்றி எடுத்தாள். தள்ளி நின்று நாலு படம் எடுத்தேன். அண்ணாச்சியின் ஆள் வந்து படத்தை வாங்கிக்கொண்டு, சாமானையும் திருப்பி எடுத்துப்போனான்.

"அருமையா இருக்கு தம்பி. என்ன லைட்டு போட்டீக?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"இருந்த லைட்டை அணைச்சேன்" என்றேன்.

பளபளக்கிற சாமானுக்கு விளக்கைக் கூட்டாதீர்கள், அதற்கு எதிரே என்ன இருக்கிறது என்று பாருங்கள். தொழிலில் நான் கற்றது இவ்வளவுதான். அன்று சாயங்காலம் பிள்ளையைத் தூக்கப் போனேன். "நகத்தைக் காட்டுங்க" என்றாள் செல்வி. மூன்று தடவை சோப்புப் போட்டு வந்த பிறகுதான் கையில் கொடுத்தாள்.