ரோஷ்னியின் முதுகும் அப்பாவின் விரதமும்

1. நெஞ்சுப் படம்

பிஜியில் நான்காவது கூ, அதாவது ராணுவ ஆட்சிக் கவிழ்ப்பு, நடந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. லவுத்தோக்காவில் நான் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்த்த கிளினிக்குக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு நோயே கிடையாது. நியூசிலாந்து விசாவுக்கு நெஞ்சுப் படம் வேண்டும், அவ்வளவுதான். டாக்சி ஓட்டும் முனுசாமியும் மனைவி ராதாவும் மகள் ரோஷ்னியோடு அப்படித்தான் வந்தார்கள். ரோஷ்னிக்குப் பதின்மூன்று வயது, ஒடிசலான பெண். நுரையீரல் சுத்தம். முதுகெலும்புதான் ஒரு பக்கமாக வளைந்திருந்தது.

டாக்டர் சொன்னபடி முழு முதுகையும் படம் எடுத்துக் கோணம் அளந்தேன். ஸ்கோலியோசிஸ்; முதுகைத் தாங்கிப் பிடிக்கும் பிரேஸ் போட வேண்டிய அளவு. வளரும் வயது. விட்டால் வளைவும் கூடவே வளரும்.

2. இரகசிய மொழி

பிள்ளை சரியாகச் சாப்பிடுகிறாளா என்று டாக்டர் கேட்டார். நிறையச் சாப்பிடுகிறாள் என்று ராதா அக்கா ஹிந்தியில் அடித்துச் சொன்னார். பிறகு கணவரிடம் திரும்பித் தமிழில், "விரதத்தப் பத்தி வாயத் தொறந்தீங்க, பாத்துக்குங்க!" என்றார்.

"நான் எங்க தொறந்தேன்? நீதானே பேசறே."

பிள்ளைக்குத் தெரியக் கூடாததைத் தமிழில் பேசுவது எங்கள் வீடுகளின் வழக்கம். ஹிந்தி பேசி வளர்ந்த ரோஷ்னிக்கும், டாக்டருக்கும் தமிழ் தெரியாது. எக்ஸ்ரேக்காரியை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

"என்ன விரதம், அக்கா?" என்றேன் தமிழில்.

ராதா அக்கா சுவரைப் பார்த்தார். முனுசாமி அண்ணன் சிரிப்பை இருமலாக மாற்றினார். விசா வரும்வரை ரோஷ்னி ஒருவேளைதான் சாப்பிடுவாள் என்று மாரியம்மனுக்கு வேண்டுதலாம்.

3. ஹார்மோன்

விரதத்தை டாக்டரிடம் சொன்னேன். அவர் விளக்கியதை, பிள்ளை பயப்படாமலிருக்க, நான் தமிழில் சொன்னேன். "உடம்புக் கொழுப்புலேருந்து லெப்டின்னு ஒரு ஹார்மோன் வருது. எலும்பு வளர்ச்சியிலயும் அதுக்குப் பங்கிருக்கு. ஒல்லியான பிள்ளைங்களுக்கு முதுகு வளையறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கலாம்னு சந்தேகப்படறாங்க."

"அப்ப நான் போட்ட பட்டினியாலதான் வளைஞ்சுதா, தங்கச்சி?" அக்கா மகளின் முதுகைத் தடவினார்.

"அப்படிச் சொல்ல முடியாது அக்கா. இன்னும் யாருக்கும் உறுதியாத் தெரியல. ஆனா வளர்ற பிள்ளைக்கு மூணு வேளைச் சோறு வேணும். அதுல சந்தேகமே இல்ல."

"அம்மன்கிட்ட சொன்னத மாத்த முடியுமா?"

டாக்டருக்கு இதையும் சொன்னேன். அவர் முனுசாமி அண்ணனின் தொப்பையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கடைசியில் ராதா அக்காவும்.

"ஏன் எல்லாரும் என்னையே பாக்கறீங்க?" என்றார் அண்ணன்.

கோயில் பூசாரி மறுப்புச் சொல்லவில்லை. விரதம் கைமாறியது.

4. அடுத்த படம்

சில மாதம் கழித்து ரோஷ்னி பெற்றோருடன் வந்தாள். பிரேஸைக் கழற்றியதும் முதல் வேலையாகப் பையிலிருந்து ரொட்டியை எடுத்தாள். புதுப் படத்தில் வளைவு கூடவில்லை. விசாவும் வந்திருந்தது. பிரேஸ்தான் காரணம் என்றார் டாக்டர். அம்மன் என்றார் ராதா அக்கா. நழுவும் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு, "பட்டினி கெடந்தவன யாராவது கேக்கறீங்களா?" என்றார் அண்ணன். ‘வளைவு கூடவில்லை’ என்று மட்டும் நான் ரிப்போர்ட்டில் எழுதினேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம். அளந்ததை மட்டும் எழுதுங்கள். பெற்றோர் திடீரென்று மொழி மாற்றினால், மெஷினைத் துடைப்பதுபோல் பக்கத்திலேயே நில்லுங்கள்.