சாட்சியைப் பார்க்கப் போன நாள்

சாட்சிகளுக்குப் பாதுகாப்பு தரும் மத்திய அரசுத் திட்டம் கிராமங்களில் எப்படி நடக்கிறது என்று ஆராய்வதுதான் அப்போது என் வேலை. சிதம்பரத்தில் அறை எடுத்துத் தங்கி, கடலூர் மாவட்டம் முழுக்க அலைந்துகொண்டிருந்தேன்.

குமராட்சிப் பக்கம் ஒரு பெண்ணைப் பார்க்கப் போனேன். வாய்க்கால் தகராறில் தன் கணவரை ஒருவன் வெட்டிக் கொன்றதை நேரில் பார்த்தவர் அவர். எப்போதாவது ஒரு போலீஸ்காரர் வந்து எட்டிப் பார்ப்பார். அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த பாதுகாப்பு அவ்வளவுதான்.

மினிபஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஆள், "அந்த அக்கா வூட்டுக்குத்தான போறீங்க? நானும் அங்கதான் எறங்குறேன்" என்றான். எங்கே போகிறேன் என்று நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

கூடவே வீட்டுக்குள்ளும் வந்துவிட்டான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "கேளுங்க மேடம், அக்கா பதில் சொல்லும்" என்று சிரித்தான். அந்தப் பெண்ணின் முகம் செத்துப்போயிற்று. நான் மழையைப் பற்றியும் நடவைப் பற்றியும் கேட்டேன். அவனே பதில் சொன்னான்.

போன் வந்து அவன் வாசலுக்குப் போனதும் அவர் என் கையைப் பிடித்தார்.

"வெட்டுனவனோட மச்சான் இவன். நாளைக்கு கடலூர் கோர்ட்ல நான் சாட்சி சொல்லணும். தனியா கெளம்புனா பஸ் ஏற வுடமாட்டாங்க. என்னையும் கூட்டிக்கினு போயிடுங்க."

சரியென்று தலையை ஆட்டினேன்.

"மேடத்த பஸ் ஏத்தி வுட்டுட்டு வர்றேன்" என்று அவனிடம் சொல்லிவிட்டு, மாற்றுப்புடவைகூட எடுக்காமல் அவர் முன்னே நடந்தார். அவன் அவசரப்படாமல் பின்னால் வந்தான். செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பஸ் வந்தது. நான் ஏறினேன், எனக்குப் பின்னால் அவரும் ஏறிவிட்டார். உள்ளே நல்ல கூட்டம். அவன் கத்தவில்லை. செல்போனை எடுத்து எங்கள் இருவரையும் படம் பிடித்தான்.

மறுநாள் அவர் பார்த்ததையெல்லாம் கோர்ட்டில் குரல் நடுங்காமல் சொன்னார். அவன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், என்னைப் பார்த்தபடி.

கொலை செய்தவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. தீர்ப்பு வந்த அன்று தெரியாத எண்ணிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது.

"மேடம், ஆராய்ச்சி முடிஞ்சிடுச்சா? இன்னும் சிதம்பரத்துலதான இருக்கீங்க?"

அன்றே அறையைக் காலி செய்தேன். அந்தப் பெண் ஊருக்குத் திரும்பவில்லை. இப்போது எங்கே இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். அதை மட்டும் இங்கே எழுத மாட்டேன்.