நாங்கள் அடைத்த சாலையில் காய்ந்த நெல்

மூன்று வருடங்களுக்கு முன்பு, குறுவை அறுவடை நடந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இடம், ஒரத்தநாடு பக்கம் புதிதாகப் போட்டிருந்த ஒரு புறவழிச்சாலை. அன்று அங்கே நடந்ததை இப்போதும் ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்னாலும் ஒரு தடவை நினைத்துக்கொள்கிறேன்.

நான் தஞ்சாவூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கூடவே, டெல்டா மாவட்டங்களில் பிள்ளைகளுக்கு ஸ்கேட்டிங் பந்தயம் நடத்தும் ஒரு சிறிய சங்கத்தின் செயலாளர். உடனே என்னைப் பெரிய ஸ்கேட்டிங் புலி என்று நினைத்துவிடாதீர்கள். சக்கரத்தைக் காலில் மாட்டிக்கொண்டு நிற்கக்கூட எனக்குத் தெரியாது. என் மகனைப் பயிற்சிக்குக் கூட்டிப்போன இடத்தில், ஹெல்மெட் இல்லாமல் ஏன் பிள்ளைகளை ஓட விடுகிறீர்கள் என்று சண்டை போட்டேன். சண்டை போட்டவளையே செயலாளர் ஆக்கிவிட்டார்கள். மகன் ஆறே மாதத்தில் கேரம் போர்டு பக்கம் போய்விட்டான். நான் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் வழவழப்பான தரை கிடைப்பதே குதிரைக்கொம்பு. கல்யாண மண்டப வாசல், மூடிக்கிடக்கும் அரிசி ஆலையின் களம் என்று கிடைத்த இடத்தில்தான் பயிற்சி. கண்ணுக்கெட்டிய தூரம் வயல்தான். மேடு, சரிவு என்று ஏதாவது வேண்டுமென்றால் வாய்க்கால் பாலத்தைத்தான் தேடிப் போக வேண்டும். அதனால் அந்தப் புறவழிச்சாலையைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. நேராக இரண்டு கிலோமீட்டர், கடைசியில் ஒரு பாலம். பாலம் ஏறி இறங்கி, அந்தப் பக்கம் கூம்பு வைத்த இடத்தில் திரும்பி வர வேண்டும். மாநிலப் போட்டிக்கான தேர்வை அங்கேயே நடத்துவது என்று முடிவு செய்தோம். எங்கள் சங்கத்துக்கு அதுதான் முதல் சாலைப் பந்தயம்.

பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்கள் பிரிவில் எங்களிடம் ஒரு பெண் இருந்தாள். கீழ்வேளூரிலிருந்து வருவாள். அப்பா வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். அம்மாவோ மகள் மாடிப்படியில் வேகமாக இறங்கினாலே கத்துகிறவர். "ரோட்டுலயா? வேணவே வேணாம் மிஸ்" என்று ஒரேயடியாக மறுத்துவிட்டார். மூன்று தடவை வீட்டுக்குப் போனேன். மூன்றாவது தடவை, "பந்தயம் முடிஞ்சதும் உங்க பொண்ண ஒரு கீறல் இல்லாம கொண்டாந்து விடறது என் பொறுப்புங்க" என்று சொன்ன பிறகுதான் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, "வெளிநாட்டுல இருக்குற அவ அத்தாகிட்ட நான் இன்னும் சொல்லல மிஸ். உங்கள நம்பித்தான்" என்றார்.

பயத்தில் நான் செய்யாத ஏற்பாடு இல்லை. காவல் துறையிடம் அனுமதி வாங்கினேன். இரண்டு முனையிலும் தடுப்பு வைத்தேன். முதல் நாள், சுற்றியிருக்கும் கிராமங்களில் ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்புச் செய்யச் சொன்னேன். "நாளை காலை ஆறு மணி முதல் பதினொரு மணி வரை புறவழிச்சாலை அடைக்கப்படுகிறது. எந்த வாகனமும் வராது. பொதுமக்கள் ஒத்துழைப்புத் தர வேண்டும்." இந்த அறிவிப்பை எழுதியவள் நான்தான். சுருக்கமாக, தெளிவாக எழுதிவிட்டேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன் வேறு.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தரை மணிக்கே ஸ்கூட்டியில் சாலை முழுவதும் போய்ப் பார்த்தேன். ஒரு கல், ஒரு கண்ணாடித் துண்டு கிடையாது. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆரஞ்சுக் கூம்புகளை என் கையாலேயே வைத்தேன். காவலுக்கு அங்கே, பந்தயத்தில் ஓடும் ஒரு பிள்ளையின் அப்பாவை நிறுத்தினேன். மூன்று நாள் மழைக்குப் பிறகு அன்றுதான் வானம் வெளுத்திருந்தது. நம் நல்ல நேரம் என்று நினைத்தேன்.

ஆறரைக்குத் தொடங்க வேண்டிய பந்தயம் ஏழரை ஆகியும் தொடங்கவில்லை. காரணம் சிறப்பு விருந்தினர். கொடி அசைத்துத் தொடங்கி வைக்க அழைத்திருந்தோம். "இதோ கிளம்பிட்டார்" என்ற செய்தி நாலு தடவை வந்தது, ஆள் வரவில்லை. அறுபது பிள்ளைகள் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு வெயிலில் நிற்கிறார்கள். அவர் இல்லாமல் தொடங்கிவிடலாம் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. நம் ஊரில் சிறப்பு விருந்தினர் இல்லாமல் விழா தொடங்குகிற தைரியம் யாருக்கு இருக்கிறது? ஒருவழியாக வந்தார். பொன்னாடை போர்த்தினோம், எல்லாரும் நின்று படம் எடுத்துக்கொண்டோம். பாலத்தில் நிற்க வேண்டிய அந்த அப்பாவும் படத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அவருடைய மகளும் முதலில் கிளம்பும் அந்தப் பதினான்கு வயதுப் பெண்கள் பிரிவில் ஓடுகிறாள், கிளம்புவதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார். நானும் கவனிக்கவில்லை.

கொடி அசைந்தது. பன்னிரண்டு பெண்கள் சிட்டாகப் பறந்தார்கள். முதல் நூறு மீட்டரிலேயே கீழ்வேளூர்ப் பெண் முன்னால் போய்விட்டாள். கைதட்டிவிட்டு அப்பாடா என்று ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. போன் அடித்தது. அந்த அப்பா வாய்க்கால் கரை வழியாக பைக்கில் சுற்றித் தன் இடத்துக்குத் திரும்பியிருக்கிறார்.

"மேடம், பாலத்துக்கு அந்தப் பக்கம் ரோடு பூரா நெல்லு! காய வச்சிருக்காங்க மேடம்! நிறுத்துங்க, புள்ளைங்கள நிறுத்துங்க!"

ஸ்கேட்டிங் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சக்கரத்துக்கு ஒரு சின்னக் கல் போதும், ஆளைத் தூக்கி எறிந்துவிடும். பாலத்தின் சரிவில் முழு வேகத்தில் இறங்கும் பிள்ளை, நெல் பரப்பிய தாரில் கால் வைத்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே முடியாது. அதைவிடக் கொடுமை, பாலத்தின் உச்சிக்குப் போகும் வரை அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரியாது.

ஸ்கூட்டியை எப்படிக் கிளப்பினேன் என்று எனக்கு நினைவில்லை. வாயில் விசிலை வைத்து ஊதிக்கொண்டே போகிறேன். அது உற்சாகப்படுத்தும் விசில் என்று நினைத்துப் பிள்ளைகள் இன்னும் வேகமாக ஓடுகிறார்கள்! "நில்லுங்கடி, நில்லுங்கடி" என்று கத்துகிறேன். காற்றில் எதுவும் போய்ச் சேரவில்லை. தூரத்தில் பாலத்தின் ஏற்றம் தெரிந்தது. எல்லாருக்கும் முன்னால் ஒரு சிவப்பு ஹெல்மெட் அதில் ஏறிக்கொண்டிருந்தது. உச்சியைத் தொட்டது. அப்படியே அந்தப் பக்கம் மறைந்துவிட்டது.

அந்த ஒரு விநாடியில் எனக்கு அந்த அம்மாவின் முகம்தான் தெரிந்தது. "உங்கள நம்பித்தான்."

அடுத்து நான் பார்த்தது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. பாலத்தின் உச்சியில் முதலில் ஒரு தலைத்துண்டு தெரிந்தது. பிறகு இன்னொன்று. ஐந்து பெண்கள், இடுப்பில் புடவையைச் செருகிக்கொண்டு, மூச்சிரைக்க ஏறி வந்தார்கள். வந்ததும் யாரும் சொல்லாமலேயே, வயலில் நடவுக்கு நிற்பதுபோல, சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வரிசையாகப் பரவி நின்று கைகளை அகல விரித்தார்கள். ஏற்றத்தில் பிள்ளைகளின் வேகம் குறைந்திருந்தது. எதிரே பெண்கள் சுவர்போல நிற்பதைப் பார்த்ததும் ஒவ்வொருத்தியாகக் காலைத் தேய்த்து நின்றுவிட்டார்கள். பதினோரு பேர் நின்றார்கள். எனக்கு வேண்டியது பன்னிரண்டு.

ஸ்கூட்டியைப் போட்டுவிட்டு உச்சிக்கு ஓடினேன். சரிவின் அடியில், நெல் தொடங்கும் இடத்துக்கு நாலு அடி முன்னால், இரண்டு பேர் தரையில் கிடந்தார்கள். கீழே மல்லாக்க ஒரு பெண்மணி. அவர்மேல் சிவப்பு ஹெல்மெட். அசைவே இல்லை.

சிவப்பு ஹெல்மெட் நிமிர்ந்தது. "மிஸ், நான்தானே ஃபர்ஸ்ட்டு?" என்றாள்.

அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அடிபட்டுக் கிடக்கும் அந்தப் பெண்மணியைத் தூக்கிவிடுவதை விட்டுவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் கத்தினேன். "யாருங்க உங்கள இங்க காயப்போடச் சொன்னது? நேத்து மைக்ல அவ்வளவு தூரம் சொன்னோமே, காதுல விழலியா?"

அந்தப் பெண்மணி எழுந்து உட்கார்ந்தார். நாற்பது வயது இருக்கும். முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. மணிக்கட்டு வீங்கத் தொடங்கியிருந்தது. கோபமே இல்லாமல் சொன்னார்.

"விழுந்துச்சும்மா. வண்டி வராதுன்னு சொன்னீங்க. அதக் கேட்டுத்தான் கொட்டுனோம். ஈரமா இருக்குன்னு கொள்முதல் நிலையத்துல நெல்ல எடுக்க மாட்டேன்னுட்டாங்க, மூணு நாளா வெயிலு இல்ல, முளைச்சிருமோன்னு பயந்து கெடந்தோம். புள்ளைங்க ஓட வருதுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லலியே. சொல்லியிருந்தா இந்தப் பக்கம் தலவச்சுப் படுத்திருப்போமா?"

டெல்டாவில் பிறந்து வளர்ந்தவள் நான். அறுவடைக் காலத்தில், மழை விட்ட மறுநாள், வண்டி வராத ஒரு தார்ச்சாலை கிடைத்தால் விவசாயி என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாதா? நானே மைக் கட்டி, நெல் காயப்போட அழைப்பு விடுத்திருக்கிறேன்! திரும்பிப் பார்த்தால் நான் வைத்த ஆரஞ்சுக் கூம்புகள், ஆடு மாடு வராமல் இருக்க, நெல்லின் நாலு மூலையிலும் அழகாக நின்றுகொண்டிருந்தன. ஆறரைக்கே தொடங்கியிருந்தால் நெல் வந்திருக்காது. ஒரு மணி நேரம் தாமதமான பிறகு சாலையை இன்னொரு தடவை பார்க்கத் தோன்றியிருந்தாலும் போதும். எனக்குப் பொன்னாடை மடிப்பைப் பற்றித்தான் கவலை இருந்தது.

அவர்களுக்குக் கிடைத்ததும் இரண்டே நிமிடம்தான். அந்த அப்பா வந்து கத்தியதும், நெல்லை ஒதுக்க நேரமில்லை என்று புரிந்துகொண்டு, போட்டது போட்டபடி மேலே ஓடியிருக்கிறார்கள். பாதிச் சரிவு ஏறுவதற்குள் முதல் பெண் அவர்களைத் தாண்டிப் பாய்ந்திருக்கிறாள். கடைசியாக வந்துகொண்டிருந்த இந்தப் பெண்மணி குறுக்கே போய் நின்று, இரண்டு கையாலும் வாரிப் பிடித்து, அவளோடு சேர்ந்து விழுந்திருக்கிறார். யார் பிள்ளை, என்ன பந்தயம், எதுவும் அவருக்குத் தெரியாது.

முதலுதவி நர்ஸ் மணிக்கட்டில் கட்டுப் போட்டார். எலும்பு முறிவு இல்லை, ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடலாம் என்றார். "நான் போயிட்டா இத யாரு கிளறுறது? வெயிலு இருக்கறப்பத்தான் ஆச்சு" என்று வர மறுத்தார் அந்தப் பெண்மணி. அப்புறம், "நான் கிளறுறேன்" என்று சொல்லிச் செருப்பைக் கழற்றிவிட்டு நெல்லில் இறங்கினேன். அவரை வண்டியில் ஏற்றி அனுப்பினோம். பந்தயத்தைப் பாலத்துக்கு இந்தப் பக்கமே திருப்பிக்கொள்ளும்படி மாற்றி, மற்றவர்கள் நடத்தினார்கள். பரிசளிப்பின்போது செயலாளர் எங்கே என்று மைக்கில் கூப்பிட்டது என் காதில் விழுந்தது. செயலாளர் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார்.

அதற்கிடையில் ஒரு போன் செய்ய வேண்டியிருந்தது. மறைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன், உங்களிடம் பொய் சொல்வானேன். கீழ்வேளூர்ப் பெண்ணின் மோவாயில் ஒரு சின்னக் கீறல் இருந்தது. ஒரு கீறல்கூட இல்லாமல் என்றுதானே வாக்குக் கொடுத்திருந்தேன். கீழ்வேளூருக்குப் போன் போட்டு, நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். அந்த அம்மா முழுவதையும் கேட்டார். கடைசியில், "புடிச்சாங்களே, அவங்ககிட்ட குடுங்க மிஸ்" என்றார். அதற்குள் அந்தப் பெண்மணி கட்டோடு திரும்பியிருந்தார். இந்தப் பக்கம் அவர் பேசியது மட்டும்தான் எனக்குக் கேட்டது. "அழுவாதம்மா... ஒண்ணும் ஆவல... நல்லாத்தான் நிக்குது... பசிக்குதுங்குது, இட்லி வாங்கியாரச் சொல்லியிருக்கேன்."

இப்போது எங்கே பந்தயம் வைத்தாலும் முந்தின வாரமே அந்தச் சுற்றுவட்டாரத்தில் வீடு வீடாகப் போகிறேன். சாலையை அடைக்கிறோம் என்று ஆரம்பிப்பதில்லை. பிள்ளைகள் ஓட வருகிறார்கள் என்று ஆரம்பிக்கிறேன். விருந்தினரைப் பரிசு கொடுக்க மட்டும் அழைக்கிறோம். கொடியை, குறித்த நேரத்துக்கு, திருப்பத்தில் நிற்பவர் போன் செய்த பிறகே அசைக்கிறோம். அடுத்த வருடம் அதே சாலையில் நடந்த பந்தயத்துக்குக் கீழ்வேளூர் அம்மாவும் வந்தார். மகள் ஓடுவதைப் பார்க்க ஆரம்ப இடத்தில் நிற்கவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் போய், அன்று மகளைப் பிடித்த அந்தப் பெண்மணியின் பக்கத்தில் நின்றுகொண்டார்.

இன்றைக்கும் எந்தத் தாயாவது என்னிடம் பிள்ளையை ஒப்படைத்தால், "என் பொறுப்பு" என்ற வார்த்தையை நான் சொல்வதில்லை. ஏனென்றால் அன்று நான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியவர், அப்படி ஒரு வாக்கு இருந்ததே தெரியாத, நான் ஒரு வார்த்தை சொல்லக்கூட நினைக்காத ஒருவர்தான்.