கறைக்கு மேல் ஒரு பச்சை

கடலூரில் எங்கள் வீட்டுக்குள் ஆற்றுத் தண்ணீர் புகுந்த அன்று மகள் மட்டும்தான் உள்ளே இருந்தாள். நானும் மனைவியும் குறிஞ்சிப்பாடியில் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தோம். தண்ணீரில் ஊறி உப்பிய அறைக்கதவு அவள் எவ்வளவு இழுத்தும் திறக்கவில்லை. பரண்மேல் ஏறி உட்கார்ந்திருந்தவளைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னல் கம்பியை அறுத்து வெளியே எடுத்தார்கள்.

அன்று முதல் அவள் சிதம்பரத்தில் சித்தி வீட்டில் இருக்கிறாள். கூப்பிட்டால் "வரேன்ப்பா" என்பாள். வரமாட்டாள்.

அவள் அறைச் சுவரில் மார்பளவுக்கு ஒரு பழுப்புக் கோடு. மேலே வெள்ளை அடித்தும் மறையவில்லை. தை பிறந்தால் பெண் பார்க்க வருவார்கள், தண்ணீர் புகும் வீடு என்று தெரிந்தால் பேச்சே எடுக்கமாட்டார்கள் என்று மனைவிக்குக் கவலை. அடர்ந்த பச்சை அடித்தால் கறை தெரியாது என்றார் பெயிண்டர். நிறத்தை மகளே தேர்ந்தெடுத்தால் அந்த அறைக்குத் திரும்பிவிடுவாள் என்று நான் நம்பினேன். பாட்டில் பச்சை ஒன்று, பாசிப்பச்சை ஒன்று. போட்டோவில் இரண்டுமே கறுப்பாகத் தெரிந்தன. அதனால் இரண்டு பிளைவுட் துண்டுகளில் அடித்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பார்த்ததுமே மச்சினி சிரித்தாள். "ஏன் மாமா, தண்ணி நின்ன செவுத்துக்குப் பாசிப்பச்சையா? நல்ல பொருத்தந்தான் போங்க!"

மகள் சிரிக்கவில்லை. துண்டுகளை ஜன்னலோரம் கொண்டுபோய் மாற்றி மாற்றிப் பார்த்தாள். எனக்கு உயிர் வந்தது.

"கதவ மாத்திட்டீங்களாப்பா?"

"எந்தக் கதவும்மா?"

"என் ரூம் கதவு."

"அது தேக்கு. காஞ்சதும் நல்லாத் தொறக்குது."

அவள் துண்டுகள் இரண்டையும் பையில் போட்டு என் கையில் கொடுத்தாள். "அம்மாவுக்குப் புடிச்சத அடிங்க."

"கதவ நாளைக்கே கழட்டிடறேன்."

"வேணாம்ப்பா. சும்மா கேட்டேன்."

பெண் பார்க்க வருகிறவர்கள் சுவரைப் பார்ப்பார்கள். கதவைச் சாத்திப் பார்க்கமாட்டார்கள். எனக்கும் மனைவிக்கும் கதவு நினைவுக்கு வராமல் போனதற்கு வேறு காரணமில்லை. வரப்போகும் எவரோ ஒருவரின் கண்ணால்தான் இத்தனை நாளும் அந்த அறையைப் பார்த்திருக்கிறோம்.

பஸ் நிலையத்தில் நிற்கும்போது பெயிண்டர் போன் செய்தார். "என்னா சார், எந்தப் பச்சை? பாப்பா என்னா சொல்லுச்சு?"

"பாட்டில் பச்சை" என்றேன். "அதுதான் பாப்பாவுக்குப் புடிச்சிருக்காம்."