பெயர் ஏறாதவர்கள்

எழுபதுகளின் நடுவில், போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த ஐந்தாம் மாதம் மனைவிக்குக் கடுமையான காய்ச்சல். எஸ்டேட் மருந்தகத்துக்கு அவளைக் கூட்டிப் போனேன். அங்கிருந்த கம்பவுண்டர் ஒல்லியானவர். வீங்கிய இடது காலை ஸ்டூலில் தூக்கி வைத்திருப்பார். எதைக் கேட்டாலும் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

"பேரு ஏறலயே தம்பி. பெர்மனென்ட் ஆனாத்தான் குடும்பத்துக்கு மருந்து."

"அப்ப போடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேண்ணே."

"வேலைக்கு வராம நின்னா பெர்மனென்டுக்கு இதுவரைக்கும் சேர்ந்த நாளெல்லாம் போயிரும். மறுபடி மொதல்ல இருந்துதான் எண்ணுவாங்க."

"இங்கயும் மருந்து இல்ல, அங்கயும் போகக் கூடாதுன்னா நான் என்னதாண்ணே செய்ய?"

அவர் என் மனைவியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "நாள் போனாப் போகட்டும். இன்னிக்கே கூட்டிட்டுப் போ."

"உங்களுக்கென்ன, உங்க காலுக்கு இங்கயே மருந்து கெடைக்கும்" என்றேன் எரிச்சலோடு.

"நானும் டெம்பரரிதான் தம்பி. ஒம்பது வருசமா."

மனைவி பிழைத்தாள். நான் திரும்பி வந்து முதல் நாளிலிருந்து எண்ணத் தொடங்கினேன். அவர் மட்டும் காலைக் காட்ட மலையிறங்கவே இல்லை. எனக்குச் சொன்னதை அவருக்குத் திருப்பிச் சொல்ல எனக்கு ஏன் வாய் வரவில்லை என்பது இன்றும் விளங்கவில்லை.