பங்கர்த் தண்ணீர்

குண்டு போட வரும் பொம்பருக்கு ஒளிக்க எங்கள் வளவில் பங்கர் வெட்டியது என் கணவர். மானிப்பாயில் மணிக்கூடு திருத்திக்கொண்டிருந்த மனிதருக்கு மண்வெட்டி எங்கே பிடிபடும்? உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். மேலே போடப் பனங்குற்றி கிடைக்கவில்லை. திறந்தபடி கிடந்த குழியைக் கார்த்திகை மழை இடுப்பளவுக்கு நிரப்பிவிட்டது.

இறைக்கச் சொன்னால் அவர் ஓரத்தில் குந்திவிடுவார். வயற்கரைக் குளத்தில் நிற்கவேண்டிய ஊசித்தும்பிகள் எப்படியோ இந்தத் தண்ணீரைக் கண்டுபிடித்து வந்திருந்தன. ஈர்க்கு மொத்தத்தில் மஞ்சள் உடம்பு. மற்றத் தும்பிகள்போலச் சிறகை விரித்து வைக்காமல் முதுகோடு மடித்துக்கொண்டு உட்காரும். பெண் புல்லைப் பிடித்து வாலைத் தண்ணீருக்குள் விட்டு முட்டையிடும்போது, ஆண் தன் வால்நுனியால் அதன் கழுத்தைப் பற்றியபடி செங்குத்தாக நிற்கும்.

"விட்டால் மற்றது தண்ணிக்கை அமிழ்ந்துபோகும். அதுதான் பிடிச்சுக்கொண்டு நிக்குது" என்பார்.

"பொம்பர் வந்தால் நாங்கள் எங்கை போறது? உந்தத் தும்பியின்ரை முதுகிலையோ?" என்று பொரிந்து தள்ளுவேன்.

"நாளைக்கு இறைக்கிறன்."

அந்த நாளை வரவே இல்லை. பொம்பர் வந்தால் இருவரும் அந்தக் குளிர்ந்த தண்ணீரில்தான் இறங்குவோம். சேறு வழுக்கும். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எனக்குத் தொய்வு கூடிவிட்டது. மூச்சுக்கு நான் அந்தரப்பட்டதைப் பார்த்து, இங்கே கிடைக்காத குளிசையை வாங்க மார்கழியில் வவுனியாவுக்குப் புறப்பட்டார். கிளாலியில் வள்ளம் ஏறி, நேவியின் கண்ணில் படாமல் இரவோடு கடல்நீரேரியைக் கடக்கவேண்டும்.

"தண்ணியிலை நீர் கை வையாதையும். வந்து நான் இறைச்சுவிடுறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் ஏறிய வள்ளம் கரை சேரவில்லை என்றார்கள். சேர்ந்தது என்றும் சிலர் சொன்னார்கள். நான் அந்தச் சிலரைத்தான் நம்பினேன்.

பக்கத்து வீட்டு அக்கா பலமுறை வாளியோடு வந்தார். "விடு பிள்ளை, நான் இறைச்சுத் தாறன்."

நான் விடவில்லை. குண்டு விழுந்தால் விழட்டும் என்றிருந்தது. வேறு யாராவது இறைத்துவிட்டால், அவர் இனி வரமாட்டார் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

மாசியில் மழை இல்லை. தண்ணீர் தானாகவே வற்றத் தொடங்கியது. முழங்கால் அளவானது, பிறகு கணுக்கால் அளவானது. ஊசித்தும்பிகளும் ஒவ்வொன்றாகக் காணாமற்போயின. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கிணற்றில் அள்ளிக் கொண்டுபோய் ஊற்றினேன். ஊற்ற ஊற்ற மண் குடித்தது.

வேலிக்கு மேலால் அக்கா கண்டுவிட்டார்.

"என்ன பிள்ளை, பங்கருக்கோ தண்ணி ஊத்துறாய்?"

"ஓம் அக்கா. அவர் வந்து இறைக்கத் தண்ணி வேணுமெல்லோ."